பற்று வரவு

பகலெல்லாம் அடுத்தவர் கணக்கு.
செக்காலைச் சாலையில் மாடியறை,
ஜிஎஸ்டி தாக்கல் செய்யப்படும் என்ற பலகை,
அதில் என் பெயர் சற்றுப் பெரிதாக.
இரவு பத்துக்குமேல் என் கணக்கு.
ஆத்தும சோதனைக்கென்று
தனியாக ஒரு நீள நோட்டு:
இடப்பக்கம் பற்று, வலப்பக்கம் வரவு.

தவக்காலம் தொடங்கியதிலிருந்து
வரவில் ஒரே ஏற்றம்.
கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன்.
(யாராவது முன்னால் அழைப்பார்களா என்று
பார்த்ததை எழுதவில்லை.)
அன்பியக் கூட்டத்தில் பேசாமல் இருந்தேன்.
ஜெரோம் மட்டம் தட்டினான், சிரித்தேன்.
நாற்பது நாளில்
தாழ்மை இருபத்தேழு.
மொத்தம் போட்டு அடிக்கோடு இட்டேன்,
இரட்டைக் கோடு.

பெரிய வியாழனுக்குப்
பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில்
என் பெயரும் வந்தது.
மத்தியானமே வீட்டுக்குப் போய்க்
குதிகால் வெடிப்பைக் கல்லால் தேய்த்து,
நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவினேன்.
"கழுவப் போறதே சாமியார்தானே,
அதுக்கு எதுக்கு இந்தக் கழுவல்?" என்றாள் மதலேன்.
அதையும் எழுதவில்லை.

எனக்கு முந்தின நாற்காலியில் பிலவேந்திரன்,
கழனிவாசல்.
ஆத்தங்குடிக்குத் தினம் பஸ்ஸேறிப் போய்த்
தரைக்கல் வார்க்கிறவர்.
சிமெண்டு தின்ற விரலிடுக்கு;
நகத்தடியில் எந்தச் சோப்புக்கும் அசையாத
காவிச் சாயம்.
செம்பிலிருந்து தண்ணீர் விழுந்தது.
தாம்பாளத்தில் லேசாகச் செம்மை.
சாமியார் குனிந்து துடைத்து,
முத்தமிட்டு, நகர்ந்து வந்தார்
அதே துண்டோடு.

கால் பின்னுக்குப் போயிற்று.
என்னுடைய கால்தான்.
ஒரு விரற்கடை. யாரும் பார்க்கவில்லை.
எண்ணெய் போட்ட அந்தப் பாதம்
நான் சொல்லாமலே
என்னைச் சொல்லிவிட்டது.

நள்ளிரவு ஆராதனை.
ஒரு மணி நேரம் முழங்காலில் இருப்பதாக
பெயர் கொடுத்திருந்தேன்.
தெரிந்த ஜெபங்களெல்லாம் வந்தன,
ஷிப்ட் மாறுகிறவர்களைப் போல,
என் முகம் பார்க்காமல் போயின.
மிச்சம் இருந்தது துண்டு.
ஆண்டவரே, துண்டு.
ஆண்டவரே, ஒரு விரற்கடை.
அதற்குமேல் சொல்ல வாயில்லை.

பக்கத்தில் பிலவேந்திரன்
குனிந்து தரையைத் தடவினார்.
ஜெபமென்று நினைத்தேன்.
"நம்ம கல்லுதான். மெருகு இன்னும் போகல" என்றார் காதோரம்.
வெளியே குழாயடியில் தண்ணீர் குடிக்கையில் கேட்டேன்,
இந்தப் பளபளப்பு எப்படி என்று.
கண்ணாடிமேல் சாயத்தை ஊற்றி
அதன்மேல் மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துவதாம்;
கல்லின் முகம் அதுவரைக்கும் கீழேதானாம்.
சொல்லிவிட்டுக் கொட்டாவி விட்டார்.

எனக்குள் ஒருவன் உடனே எழுந்து உட்கார்ந்தான்:
ஆகா, அன்பியத்தில் சொல்ல என்ன அழகான உவமை!
கவிழ்ந்த முகத்தில்தானே மெருகு,
எல்லாரும் தலையாட்டுவார்கள்,
ஜெரோமுக்கு இப்படித் தோன்றியிருக்குமா...
அவனை அங்கேயே கையும் களவுமாகக் கண்டேன்.
நாற்பது நாளும் பேனா பிடித்தவன்
அவன்தான்.

இரண்டு மணிக்குக் கழனிவாசல் வரை
பிலவேந்திரனைப் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.
ஊரணி தாண்டும்போதே தூங்கிவிட்டார்.
நெற்றி என் முதுகில் இடித்து இடித்து
பிறகு அங்கேயே நின்றது.
சிமெண்டு மணம்.
விழுந்துவிடப் போகிறாரே என்று
பள்ளம் பார்த்து, மெல்ல, மிக மெல்ல.
ஜெபிக்க மறந்திருந்தேன்.

வீட்டில் நோட்டைத் திறந்து
தேதி போட்டேன்.
பற்றில்: துண்டு.
பழக்கத்தில் பேனா வரவுக்குத் தாவி
"வண்டியில்" என்று தொடங்கியது.
அடித்தேன்.
மூடி வைத்தேன்.

பிறகு
இதை எழுதியிருக்கிறேன்.
மன்னியும்.